சட்டுனு ஒரு சட்டம்: அந்த ஆர்டர்ல உங்க பேரும் இருக்கு!

ஸ்காலர்ஷிப் ஃபார்ம், ஹாஸ்டல் ஃபார்ம், பேங்க் லோன் ஃபார்ம்... எதை எடுத்தாலும் ‘தந்தையின் தொழில், ஆண்டு வருமானம்’னு ஒரு கட்டம் வந்து நிக்கும். வகுப்புல எல்லாரும் சரசரன்னு எழுதிட்டு அடுத்த வரிக்குப் போயிடுவாங்க. ஒண்ணு ரெண்டு பேருக்கு மட்டும் பேனா அந்த இடத்துல நின்னுடும். அப்பா உயிரோட இருக்கார். ஆனா வீட்டுல இல்லை. எங்கே வேலை, எவ்வளவு சம்பளம்... தெரியாது.

இந்த வாரம் பேசப்போறது அந்த ஒண்ணு ரெண்டு பேரோடதான். மத்தவங்களும் படிங்க. பக்கத்து பெஞ்ச் ஃப்ரெண்டுக்கு நாளைக்கே தேவைப்படலாம்.

ஒரு உதாரணம் வெச்சுக்குவோம். தென்காசி மாவட்டம், குருவிகுளம். அங்கேயிருந்து சங்கரன்கோவிலுக்கு பஸ் பிடிச்சு காலேஜ் போற ஒரு பொண்ணு. முதல் வருஷம். 18 வயசு முடிஞ்சு ஆறு மாசம் ஆகுது. அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை. அப்பா பனியன் கம்பெனிக்குன்னு திருப்பூர் போனவர், போனவர்தான். பத்து வருஷத்துக்கு முன்னாடி அம்மா சங்கரன்கோவில் கோர்ட்டுல ஜீவனாம்சம் கேட்டு கேஸ் போட்டாங்க. அலையோ அலைன்னு அலைஞ்சு ஆர்டரும் வாங்கினாங்க. அம்மாவுக்கு மாசம் 3,000 ரூபாய், பொண்ணுக்கு 2,000. அப்பா கொஞ்ச காலம் கட்டினார். அப்புறம் நிறுத்திட்டார். இப்போ பொண்ணு கேட்டா, அம்மா சொல்ற ஒரே பதில்: “அந்தக் கேஸு அன்னைக்கே முடிஞ்சு போச்சு. விடுட்டி.”

இல்லைங்க... முடியலை! ஆர்டர் போட்டதோட முடிஞ்சது விசாரணைதான். பணம் வராத ஒவ்வொரு மாசமும் அந்த ஆர்டர் உயிரோடதான் இருக்கு. ஆனா அது தானா நடந்து வந்து பணம் வாங்கித் தராது. நகலைக் கையில எடுத்துக்கிட்டு யாராவது மறுபடி கோர்ட் கதவைத் தட்டணும். அம்மாவுக்கு மறுபடி கோர்ட் படியேற பயம். உங்களுக்குப் படிக்கத் தெரியும், நெட் பார்க்கத் தெரியும், நாலு பேர்கிட்ட கேட்கவும் தெரியும். அப்போ யார் தட்டறது?

ஒரு குட்டி ஃப்ளாஷ்பேக்

ஜீவனாம்சம் யாரோ பார்த்துப் போடுற பிச்சை இல்லை. மனைவி, பிள்ளைகள், வயசான பெற்றோரைக் கவனிக்காம விட்டவர் மாசாமாசம் பணம் கட்டணும்னு சொன்ன பிரிவு, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோட 125. இந்தப் பிரிவுல 2001 வரைக்கும் மாசம் 500 ரூபாய்க்கு மேல ஆர்டர் போட முடியாது. அந்த வருஷம் வந்த திருத்தம்தான் உச்சவரம்பை எடுத்துச்சு.

1985-ல் நாட்டையே உலுக்கின ஷா பானு வழக்கு ஞாபகம் இருக்கா? பாலிடிக்ஸ் எல்லாம் பெருசா பேசப்பட்டுச்சு. ஆனா அந்த அம்மா போராடின தொகை மாசம் 179 ரூபாய் 20 காசு! விவாகரத்தான முஸ்லிம் பெண்களும் 125-ன் கீழ் ஜீவனாம்சம் கேட்கலாம்னு 2024 ஜூலை 10-ல் உச்ச நீதிமன்றம் மறுபடி உறுதியா சொல்லியிருக்கு.

2024 ஜூலை 1-லிருந்து பழைய சட்டத்தோட இடத்துக்கு ‘பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா’ வந்தாச்சு. 125 இப்போ 144 ஆயிடுச்சு. நம்பர்தான் மாறியிருக்கு. உங்க அம்மா பழைய பிரிவுல வாங்கின ஆர்டர் அதனால செல்லாமப் போயிடாது.

கெடு ஒரு வருஷம்

இதுதான் இந்த வாரத்தோட முக்கியமான மேட்டர். கட்டாத பாக்கிக்கு வாரண்ட் வேணும்னா, அந்தத் தொகை கட்டவேண்டிய தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குள்ள மனு போடணும். தாண்டிட்டா அந்த மாசத்துப் பாக்கிக்கு இந்த வழியில வாரண்ட் கிடைக்காது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாமா? அம்மாவுக்கு மாசம் 3,000. மூணு வருஷமா வரலைன்னா பாக்கி 1,08,000 ரூபாய். இன்னைக்கு மனு போட்டா இந்த வழியில கேட்க முடியறது கடைசி பன்னிரண்டு மாசத்துக்கு, அதாவது 36,000. மீதி 72,000 சத்தமில்லாம கை நழுவிப் போயிருக்கு.

பொண்ணோட 2,000 ரூபாய்க் கணக்கு இன்னும் அவசரம். இந்தப் பிரிவுல பிள்ளைகளுக்கான தொகை பொதுவா 18 வயசோட நின்னுடும். அவளுக்கு 18 முடிஞ்சு ஆறு மாசம். அப்போ கடைசி ஒரு வருஷத்துல அவளுக்குச் சேர வேண்டியது ஆறு மாசப் பாக்கி, 12,000 ரூபாய். அடுத்த மாசம் போனா 10,000. அதுக்கடுத்த மாசம் 8,000. ஆறு மாசம் யோசிச்சுக்கிட்டே இருந்தா... ஜீரோ! ஒரு செமஸ்டர் பரீட்சை முடியறதுக்குள்ள ஒரு செமஸ்டர் ஃபீஸ் கரைஞ்சு போகுது.

முதல் வேலை: நம்பர் தேடுங்க

கோர்ட்டுல பேரைச் சொன்னா யாருக்கும் தெரியாது. நம்பரைச் சொன்னாத்தான் கட்டு வெளியே வரும். அந்த நம்பரை எங்கே பிடிக்கிறது?

வீட்டுலேயே ஆரம்பிங்க. ரேஷன் கார்டு, பத்திரம் எல்லாம் சுருட்டி வெச்சிருக்கிற மஞ்சப்பை எல்லா வீட்டிலேயும் ஒண்ணு இருக்கும். அதுல ஒரு பழைய சம்மனோ, மனுவோட ஜெராக்ஸோ, வக்கீல் வாய்தா தேதி குறிச்சுக் கொடுத்த துண்டுச் சீட்டோ கிடைக்கும். மேலேயே ‘எம்.சி.’னு போட்டு ஒரு நம்பரும் வருஷமும் இருந்தா அது ஜீவனாம்ச வழக்கு. ‘எச்.எம்.ஓ.பி.’னா இந்து திருமணச் சட்டத்துல போட்ட விவாகரத்து, சேர்ந்து வாழக் கேட்ட மனு மாதிரி. ‘ஐ.டி.ஓ.பி.’னா கிறிஸ்தவத் திருமண விவாகரத்து. ‘ஜி.டபிள்யூ.ஓ.பி.’னா பிள்ளை யார்கிட்ட வளரணும்ங்கிற வழக்கு.

எந்தக் கோர்ட்னும் பாருங்க. பெரிய ஊர்கள்ல இதுக்குன்னே குடும்ப நீதிமன்றம் இருக்கு. 1984-ல் வந்த சட்டப்படி அமைச்சது. அது இல்லாத இடங்கள்ல ஜீவனாம்சம் நடுவர் நீதிமன்றத்துலேயும், விவாகரத்து சார்பு நீதிமன்றத்துலேயும், அதாவது நாம ‘சப் கோர்ட்’னு சொல்ற இடத்துலேயும் நடக்கும். ஒரே குடும்பத்துக்கு ரெண்டு கோர்ட்டுல ரெண்டு நம்பர் இருக்கிறது சகஜம். குழம்பிடாதீங்க.

பையில ஒண்ணும் இல்லையா? அன்னைக்கு ஆஜரான வக்கீலோட குமாஸ்தாவைப் பாருங்க. பழைய டைரியைப் புரட்டி நம்பர் எடுக்கிறதுல அவங்க கில்லாடிங்க.

அடுத்து, ‘ஈ-கோர்ட்ஸ்’ வெப்சைட். செல்போன்ல ஆப்பாவும் இருக்கு. தமிழ்நாடு, மாவட்டம், கோர்ட் வளாகம்னு தேர்ந்தெடுத்து, பேரையும் வருஷத்தையும் போட்டுத் தேடலாம். இங்கே மூணு டிப்ஸ். ஒண்ணு, முடிஞ்ச கேஸைத் தேடறீங்க. ‘பெண்டிங்’ல தேடினா வராது, ‘டிஸ்போஸ்டு’ல தேடுங்க. ரெண்டு, மாரியம்மாள்ங்கிற பேரை இங்கிலீஷ்ல எத்தனை விதமா எழுதலாம்னு யோசிங்க. முழுசா அடிக்காம முதல் நாலஞ்சு எழுத்து மட்டும் அடிச்சா எல்லா ஸ்பெல்லிங்கும் சிக்கும். மூணு, தென்காசி தனி மாவட்டம் ஆனது 2019 நவம்பர் 22-ல்தான். அதுக்கு முந்தைய பேப்பர்ல திருநெல்வேலி மாவட்டம்னுதான் இருக்கும். தென்காசியில கிடைக்கலைன்னா திருநெல்வேலியிலேயும் தேடிப் பாருங்க.

கேஸ் கிடைச்சா 16 எழுத்து-எண் கொண்ட ‘சி.என்.ஆர்.’ நம்பர் ஒண்ணு காட்டும். நாட்டுல உள்ள ஒவ்வொரு வழக்குக்கும் ஒண்ணு. ரோல் நம்பர் மாதிரி. அதை நோட்டுல எழுதி வெச்சுக்குங்க. பழைய வழக்கு எல்லாமே கம்ப்யூட்டர்ல ஏறியிருக்கும்னு சொல்ல முடியாது. வரலைன்னா மனசு விடாதீங்க. கோர்ட் ஆபீஸ்ல பதிவேடு இருக்கு. பேரும், ஆர்டர் வந்த வருஷமும் சொன்னா தேடலாம். ஆனா வழக்குக் கட்டுகளை ஆயுசுக்கும் வெச்சிருக்க மாட்டாங்க. விதிப்படி குறிப்பிட்ட காலம் கழிச்சு அழிச்சிடுவாங்க. ‘படிச்சு முடிச்சுட்டுப் பார்த்துக்கலாம்’ங்கிற பேச்சே வேண்டாம்.

ரெண்டாவது வேலை: நகல்

நெட்ல வர்ற பிரிண்ட் அவுட்டை வெச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது. வேண்டியது கோர்ட் முத்திரையோட ‘சான்றிட்ட நகல்’. அதுக்கு நகல் மனு போடணும். வழக்கு நம்பர், ரெண்டு தரப்புப் பேர், ஆர்டர் தேதி, எந்தப் பேப்பரோட நகல் வேணும், எதுக்காக... இவ்வளவுதான் விஷயம்.

யார் போடலாம்? வழக்குல தரப்பா இருக்கிறவங்க. வெளியாள்னா காரணம் சொல்லி பிரமாணப் பத்திரம் போட்டு கோர்ட் அனுமதி வாங்கணும். ‘அப்போ நான் வெளியாளா?’னு கேட்பீங்க. அவசரப்படாதீங்க. ஜீவனாம்ச வழக்குல பெரும்பாலும் அம்மா முதல் மனுதாரர். பிள்ளைக்கும் சேர்த்துக் கேட்டிருந்தா ரெண்டாவது மனுதாரர் யார் தெரியுமா? ‘மைனர், தாயார் மூலமாக’ன்னு போட்டு உங்க பேர்! எட்டு வயசுல பம்பரம் விட்டுக்கிட்டோ பாண்டி ஆடிக்கிட்டோ இருந்தப்பவே நீங்க ஒரு வழக்கோட தரப்பு. இப்போ மேஜர். அந்த நகல் மனுவுல கையெழுத்துப் போட உங்களுக்கே உரிமை இருக்கு. உங்க பேர் இல்லைன்னா அம்மா கையெழுத்து போதும், எழுதறது நீங்க.

அடுத்த செய்தி இனிப்பானது. ஜீவனாம்ச ஆர்டரோட நகல், யாருக்குச் சாதகமா ஆர்டர் வந்ததோ அவங்களுக்கு இலவசம். பழைய 128-வது பிரிவு, இப்போ 147, அப்படித்தான் சொல்லுது. மத்த நகலுக்குப் பொதுவா காசு உண்டு. மனு போட்ட பிறகு எத்தனை ரூபாய்க்கு ஸ்டாம்ப் வேணும்னு நோட்டீஸ் போர்டுல பட்டியல் ஒட்டுவாங்க. சொன்ன தேதிக்குள்ள கட்டலைன்னா மனு தள்ளுபடி ஆயிடும். மனுவைக் கொடுத்துட்டு வீட்டுல உட்கார்ந்துடாதீங்க, போர்டைப் போய்ப் பாருங்க. நகல்ல மனு கொடுத்த தேதி, ஸ்டாம்ப் கேட்ட தேதி, நகல் தயாரான தேதி எல்லாம் குறிச்சிருக்கும். ஏதோ சம்பிரதாயம்னு நினைக்காதீங்க. மேல்முறையீட்டுக் கெடுவைக் கணக்குப் போடும்போது நகலுக்காகக் காத்திருந்த நாளைக் கழிச்சுக்கலாம்.

மூணாவது வேலை: மனு

பாக்கி வசூல் மனுவுல அலங்காரம் எதுவும் வேண்டாம். எந்தத் தேதி ஆர்டர், மாசம் எவ்வளவு, கடைசியா எப்போ வந்துச்சு, எந்த மாசத்திலிருந்து வரலை, மொத்தம் எவ்வளவு. மாசவாரியா ஒரு அட்டவணை போட்டுடுங்க. கூடவே நகல், அம்மாவோட பேங்க் பாஸ்புக். கோர்ட் அப்பாவுக்கு நோட்டீஸ் அனுப்பும். தகுந்த காரணம் இல்லாம கட்டலைன்னா தொகையை வசூலிக்க வாரண்ட் போகும். அதுக்கும் மசியலைன்னா ஒரு மாசம் வரைக்கும் சிறை. “உள்ளே போயிட்டு வந்துட்டேன், கணக்கு தீர்ந்துச்சு”னு சொல்ல முடியாது. சிறை பணம் கட்ட வைக்கிறதுக்கான வழிதான், பாக்கி அதனால தீராதுன்னு உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிடுச்சு. தமிழ்நாட்டுலேயிருந்து போன ஒரு வழக்குல 2013-ல் அதையே திரும்பவும் சொல்லுச்சு.

‘அவர் திருப்பூர்ல இல்ல இருக்கார்’ங்கிற கவலையா? அதே 147-வது பிரிவு, அவர் எந்த ஊர்ல இருக்காரோ அந்த ஊர் நடுவரே ஆர்டரை நிறைவேத்தலாம்னு சொல்லுது. ஆள் அவர்தான், பணம் கட்டலைங்கிறது மட்டும் அந்த நடுவருக்குத் திருப்தியா தெரியணும். பழைய குடும்ப அட்டை, கல்யாண போட்டோ எல்லாத்தையும் பத்திரமா வைங்க.

பத்து வருஷத்துக்கு முந்தைய 3,000 இன்னைக்கு எந்த மூலைக்கு? நிலைமை மாறியிருந்தா தொகையைக் கூட்டித் தரச் சொல்லியும் அம்மா தனியா மனு போடலாம். அதுக்கு 146-வது பிரிவு. 2020 நவம்பர் 4-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, ஜீவனாம்ச வழக்குல ரெண்டு பேருமே சொத்து, வருமானம், கடன் எல்லாத்தையும் பிரமாணப் பத்திரத்துல எழுதிக் கொடுக்கணும்.

18 முடிஞ்ச மகளுக்குக் கதவு மூடியாச்சா? இந்துக் குடும்பம்னா இன்னொரு கதவு திறந்திருக்கு. 1956-ம் வருஷத்து இந்து தத்தெடுத்தல் மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தோட 20-வது பிரிவுப்படி, தன்னைத் தானே பராமரிக்க வழியில்லாத கல்யாணமாகாத மகள், வயசு வந்த பிறகும் அப்பாகிட்ட கேட்கலாம். இதுக்கு சிவில் வழி, தனி வழக்கு. 2020 செப்டம்பர் 15-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவா சொல்லியிருக்கு.

வக்கீலுக்குக் காசு?

அமெரிக்காவுல கலிபோர்னியா மாநிலத்துல ஒவ்வொரு கவுண்டி கோர்ட்டிலும் ஜீவனாம்ச ஃபார்ம் நிரப்ப உதவறதுக்குன்னே ஒரு வக்கீலைக் கோர்ட் அமர்த்தியிருக்கு. நமக்கும் ஒரு இடம் இருக்கு, நாமதான் எட்டிப் பார்க்கிறதில்லை. தாலுகா கோர்ட்டுகள்ல ‘வட்ட சட்டப் பணிகள் குழு’ன்னு போர்டு தொங்கும். 1987-ம் வருஷத்துச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் எவ்வளவுன்னு பார்க்காம இலவச வக்கீல் உதவி உண்டு. ஒரு வெள்ளைத்தாள் மனு போதும். கூச்சமா இருந்தா முதல்ல 15100-க்கு போன் போட்டுக் கேளுங்க.

பிரிச்சுப் படிக்கும் முன்னாடி...

ஒரு விஷயம், இது சட்டம் இல்லை. கட்டை வாங்கிப் புரட்டினா ஆர்டர் மட்டும் வராது. அப்பா தரப்புல தாக்கல் செஞ்ச எதிருரையும் வரும். அதுல அம்மாவைப் பத்தி நீங்க கேள்விப்படாத வார்த்தைகள் இருக்கலாம். அம்மா மனுவுல அப்பாவைப் பத்தியும் இருக்கலாம். எதிருரைங்கிறது ஒருத்தர் சொன்ன குற்றச்சாட்டு. கோர்ட் எதை நம்புச்சு, எதைத் தள்ளுச்சுங்கிறது ஆர்டரோட கடைசிப் பக்கங்கள்ல இருக்கும். படிக்கிறதுன்னா அதை முதல்ல படிங்க. முடியலைன்னா ஆர்டரை மட்டும் வாங்கிட்டு மீதியை மூடிடுங்க. யாரும் உங்களுக்கு மார்க் போடப்போறதில்லை.

அந்தப் பக்கங்களை போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்ல போடற வேலை மட்டும் வேண்டாம். இந்து திருமணச் சட்ட வழக்கு விவரங்களை வெளியிட்டா 1,000 ரூபாய் வரைக்கும் அபராதம்னு அந்தச் சட்டத்தோட 22-வது பிரிவு சொல்லுது. சட்டத்தை விடுங்க, அது உங்க அம்மாவோட வாழ்க்கை.

அதனாலதான் முடிவும் அவங்களோடது. “வேண்டாம்”னு அம்மா சொன்னா சண்டை போடாதீங்க. பாக்கி எவ்வளவு, ஒவ்வொரு மாசமும் எவ்வளவு கரையுதுன்னு ஒரு தாள்ல கணக்குப் போட்டுக் காட்டுங்க. “நீங்க ஒருத்தியா அலைஞ்சு வாங்கினதும்மா இது. இந்தத் தடவை கூட நான் வர்றேன்”னு சொல்லிப் பாருங்க. அதுக்கு மேலேயும் வேண்டாம்னா, நகலை மட்டுமாவது வாங்கி அந்த மஞ்சப்பையில வெச்சுடுங்க. மனசு மாறுற அன்னைக்கு நம்பரைத் தேடி அலைய வேண்டியிருக்காது.

லா காலேஜ் ஃப்ரெண்ட்ஸுக்கும் சோஷியல் ஒர்க் படிக்கிறவங்களுக்கும் தனியா ஒரு வார்த்தை. சட்டப் பணிகள் ஆணைக்குழுவோட ‘பாரா லீகல் வாலண்டியர்’ திட்டத்துல மாணவர்களும் சேரலாம். கிராமத்துலேயிருந்து வர்ற ஒரு அம்மாவுக்கு நகல் மனு எழுதிக் கொடுத்து, நோட்டீஸ் போர்டைக் காட்டி, சரியான கவுன்டர்ல கொண்டுபோய் நிறுத்தறதுக்குப் பட்டம் வாங்கி முடிக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

அடுத்த வாரம்: ரூம் காலி பண்றீங்க, ஹவுஸ் ஓனர் அட்வான்ஸைத் தரமாட்டேங்கிறார். என்ன பண்ணலாம்? சட்டுனு சந்திப்போம்!